கீழ் பைப்பு சூடா, சில்லுனு கீதா?

கண்ணு,

உன் கடிதம் கைக்கு வந்தது. இங்கே எல்லாரும் இருக்கிறபடி இருக்கிறோம். உன் நைனா கண் ஆபரேஷனுக்குப் பிறகு பேப்பரை ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் படிக்கிறார். ஏரி நிரம்பிக் கலங்கல் வழிகிறது. கிழக்கு வயல் நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்துவிட்டது. மற்ற ஊர்க் கதைகளை அடுத்த தடவை எழுதுகிறேன். நீ எழுதிய விஷயத்தைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. உலையில் அரிசி போட்டுவிட்டு வந்து திரும்பவும் உன் கடிதத்தைப் படித்தேன். சோறு குழைந்துவிட்டது.

நீ எழுதியிருந்ததை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன், தப்பாக இருந்தால் திருத்து. உங்கள் வீட்டுக் கூடத்தில் அறையைச் சூடு பண்ணுகிற ரேடியேட்டர் ஒழுகிக் கம்பளத்தை நனைத்துக்கொண்டிருந்தது. நீ ஃபேக்டரிக்குப் போயிருந்த நேரத்தில் என் மருமகள் சுமதி ஒரு பிளம்பரைக் கூப்பிட்டு அதைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டுவிட்டாள். அந்தப் புது ரேடியேட்டர் மட்டும் தொட முடியாதபடி கொதிக்கிறது. மாடியில் இரண்டு அறையும் ஐஸ் மாதிரி இருக்கின்றன. பாய்லர் உறுமுகிறது. இந்தக் குளிரில் நீ கூடத்திலும் அவள் மாடியில் இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டும் படுக்கிறீர்கள். "என்னை ஒரு வார்த்தை கேட்காமல் செய்தாள், அதனால் நான் பேசுவதில்லை" என்று எழுதியிருக்கிறாய். சுமதியும் எனக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறாள். அதில் இங்கே குளிர் ஜாஸ்தி, அவர் நன்றாக இருக்கிறார், ஊறுகாய் வந்து சேர்ந்தது என்று மட்டும்தான் இருக்கிறது. உன்னைப் பற்றி ஒரு குறை இல்லை. ஆகையால் அவள் சொல்லித்தான் நான் இதை எழுதுகிறேன் என்று நினைக்காதே.

வயலையும் அடுப்பையும் தவிர ஒன்றும் தெரியாத அம்மா, சீமையில் இருக்கிற வீட்டைச் சூடு பண்ணும் விவகாரத்துக்கு என்ன சொல்லப்போகிறாள் என்று உனக்குத் தோன்றலாம். போன வருஷம் நீ படம் வரைந்து அனுப்பியிருந்தாயே, சமையலறையில் பாய்லர், அதிலிருந்து குழாய், ஒவ்வொரு அறையிலும் இரும்புப் பலகை மாதிரி ஒரு ரேடியேட்டர், கடைசியில் ஆறின தண்ணீர் திரும்ப பாய்லருக்கே வருவது, பரணில் ஒரு சின்னத் தொட்டி. அந்தப் படத்தைப் பார்த்ததுமே உன் நைனா சிரித்தார். "டிராக்டர்ல காத்துக்கு விட்டுத் தொலைக்கிற சூட்ட இவங்க வூட்டுக்குள்ள விட்டுக்கினு கீறாங்க" என்றார். அவ்வளவுதான் வித்தியாசம். தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் இரண்டுக்கும் உயிர். டிராக்டர் ரேடியேட்டர் விஷயத்தில் என்னிடம் சொல்வதற்கு ஒன்று இருக்கிறது. உனக்கு அது தெரியாது. அந்த வருஷம் நீ மாகறலில் உன் மாமன் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நம் டிராக்டர் உன் நைனா ஆசைப்பட்டு வாங்கியது. உன் பெரியப்பாவுக்கு அதில் இஷ்டமில்லை, அவர் தன் மாட்டு ஜோடியை விற்க மாட்டேன் என்று தனியாக வைத்துக்கொண்டார். ஆனால் வண்டி வந்த பிறகு அவரும் ஓட்டக் கற்றுக்கொண்டார். அந்த ஐப்பசியில் உன் நைனாவுக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆகி, புண் ஆறாமல் சீழ் வைத்துக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் நாள் கணக்கில் படுத்துவிட்டார். அப்போதுதான் ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்தது. உன் பெரியப்பா யாரோ லாரிக்காரரிடம் கேட்ட வைத்தியத்தைச் செய்தார். மஞ்சள் தூளை அள்ளி ரேடியேட்டருக்குள் போட்டுத் தண்ணீரை ஊற்றினால் ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். அது நிஜம், அடைத்துக்கொள்ளும்தான். மறுநாள் வேறு இடத்தில் ஒழுகும், மறுபடியும் மஞ்சள். தினமும் காலையில் உன் பெரியம்மா என் சமையலறைக்கு வந்து, "இன்னும் ரெண்டு கை மஞ்சா குடுடீ, வண்டிக்கு நாஷ்டா குடுக்கணுமாம்" என்று சிரித்துக்கொண்டே டப்பாவை நீட்டுவாள்.

நாற்றங்காலில் நாற்று வளர்ந்து நின்றது. ஏரித் தண்ணீர் வயலுக்கு வந்துவிட்டது. மண்ணைச் சேறாகக் கலக்கிச் சேடை ஓட்டினால்தான் நடவு. நம் வயல் மட்டுமில்லை, மாடு இல்லாத நாலைந்து வீடுகளுக்கு நாம்தான் ஓட்டித் தருவதாக உன் நைனா வாக்குக் கொடுத்திருந்தார். நாற்று நமக்காகக் காத்திருக்காது, முற்றிப்போனால் நட்டும் தூர் கட்டாது. அந்த நேரம் பார்த்து உன் பெரியப்பா புள்ளலூரில் ஒரு உறவுக் கல்யாணத்துக்குப் போனார். நான் உத்திரமேரூரிலிருந்து மஸ்தான் பாயை வரவழைத்தேன். அவர்தான் நம் வண்டிக்கு எப்போதும் வேலை செய்கிற மெக்கானிக். பார்த்தவுடனே, "இது பேஜார் தங்கச்சி. உள்ள குயாய் அத்தினியும் அரிச்சிப் போச்சி. வயல்ல நடுவுல நின்னுச்சின்னா இன்னா பண்ணுவ?" என்றார். நான் யாரையும் கேட்கவில்லை. கேட்க யாரும் இல்லை. இருந்திருந்தாலும் கேட்டிருப்பேனா என்று தெரியவில்லை. "மாத்திடுங்க பாய்" என்றேன். அவர் காஞ்சிபுரம் போய்ப் புது ரேடியேட்டர் கொண்டுவந்து மாட்டினார். தவலையில் தண்ணீர் கொண்டுவந்து விளிம்பு வரை ஊற்றினோம், மூடியைப் போட்டோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

உன் பெரியப்பா வந்தார், புது ரேடியேட்டரைப் பார்த்தார். அந்தக் காலத்தில் தம்பி பெண்டாட்டியிடம் அண்ணன் நேராகப் பேச மாட்டார், உனக்குத் தெரியும். பெரியம்மாவைப் பார்த்து, "உன் ஓரகத்திக்கு ரொம்பத்தான் தெகிரியம்" என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார்.

நான் கூழ் எடுத்துக்கொண்டு வரப்பில் போகும்போதே பார்த்தேன். வண்டி சேற்றின் நடுவில் நின்றிருந்தது. முன்பக்கத்திலிருந்து ஆவி வெள்ளையாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. சூடு காட்டுகிற முள் சிவப்பைத் தாண்டிப் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. நாற்றுப் பிடுங்குகிற பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் பெரியப்பா என்னைப் பார்க்காமல் அவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "மஞ்சா போட்டு ஒயுங்கா ஓடிக்கினு இருந்த வண்டி! யாரக் கேட்டு இத்த மாத்துனாங்க? பொம்பள கை வெச்சா இப்டித்தான் ஆவும்" என்று கத்தினார். கத்திக்கொண்டே தோளில் கிடந்த துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியில் கை வைத்தார்.

"மாமா, தொறக்காதீங்க, ஆறட்டும்" என்று நான் கூவினேன். நேராக அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். நான் சொன்னதாலேயே அவர் திறந்தார் என்றும் எனக்குத் தோன்றுவதுண்டு.

கொதிக்கிற தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது. முகத்தை அவர் சட்டென்று திருப்பிக்கொண்டதால் கண் தப்பியது. வலது கை, கழுத்து, தாடை எல்லாம் வெந்துவிட்டது. அவரைக் கால்வாயில் உட்கார வைத்து நானும் அந்தப் பெண்களும் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினோம். அவர் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "போதும், போதும்" என்றார். வாடகைக் காரைப் பிடித்துக் காஞ்சிபுரம் கொண்டுபோனார்கள். பெரியம்மா கூடப் போனாள். நான் வீட்டில் தனியாக நின்றேன். தெருவில் தண்ணீர் எடுக்கப் போனபோது காதில் விழுந்தது: "வூட்டு ஆம்பள ரெண்டு பேரையும் ஆஸ்பத்திரில படுக்க வெச்சிட்டா." சொன்னவளை நான் திரும்பிப் பார்க்கவில்லை. குடத்தை நிறைத்துக்கொண்டு வந்தேன். ரேடியேட்டரை மாற்றும் வரை வண்டி ஓடியது, மாற்றிய பிறகு நின்றது. யார் கேட்டாலும் அப்படித்தானே நினைப்பார்கள்? நானே அப்படித்தான் நினைத்தேன்.

இதைத்தான் நீ முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கடைசியாக எதில் கை வைத்தோமோ அதுதான் குற்றவாளி என்று மனசு உடனே முடிவு கட்டிவிடும். அதோடு கை வைத்த ஆளும் சேர்ந்து குற்றவாளி ஆகிவிடுவார். அந்த முடிவுக்கு வந்துவிட்டால் அப்புறம் யாரும் வண்டியைப் பார்ப்பதில்லை, ஆளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மறுநாள் கஞ்சியும் துவையலும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் காஞ்சிபுரம் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனதுக்குள் கோர்த்துக்கொண்டே போனேன். மஸ்தான் பாய் சொன்னார் என்று ஆரம்பிக்கலாமா, ஒழுகல் தாங்க முடியவில்லை என்று ஆரம்பிக்கலாமா. ஒன்றும் சரியாக வரவில்லை. உன் நைனா ஒரு தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்திருந்தார். இளைத்துப் போயிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

அவர் முதலில் கேட்டது, "அண்ணனுக்குக் கண்ணுக்கு ஒண்ணும் இல்லியே?"

"இல்ல. கட்டுப் போட்டு வூட்டுக்குக் கூட்டிக்கினு போகலாம்னு சொல்லிட்டாங்களாம்."

தலையணையை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். திட்டு இனிதான் வரும் என்று நான் காத்திருந்தேன். அவர், "ரேடியேட்டர்ல மேல ஒரு ஓஸ் பைப்பு கீது, கீய ஒண்ணு கீது. வண்டி சூடானப்போ கீழ் பைப்பு சூடா, சில்லுனு கீதா?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. "இன்னா கேக்கறீங்க?"

"கீழ் பைப்பத் தொட்டுப் பாத்தியா?"

"இல்ல."

"போய்த் தொட்டுப் பாரு. மேல சூடாவும் கீய சில்லுனும் இருந்துச்சின்னா தண்ணி சுத்தலைன்னு அர்த்தம். புது ரேடியேட்டர் நல்லாத்தான் இருக்கும். உள்ள காத்து மாட்டிக்கினு இருக்கும். ரெண்டும் சூடா இருந்தா வேற கோளாறு, அப்பப் பாத்துக்கலாம்." அப்புறம் துவையலில் உப்பு கம்மி என்றார்.

அவ்வளவுதான், கண்ணு. யாரைக் கேட்டு மாற்றினாய் என்று அவர் கேட்கவே இல்லை. அந்தக் கேள்விக்காக நான் கோர்த்துவைத்திருந்த பதிலெல்லாம் வீணாய்ப் போயிற்று. பஸ் திரும்பி வரும்போது மாகறலில் நின்றது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் ரோட்டோரமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். இறங்கினால் உன்னைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வரலாம். நான் இறங்கவில்லை. இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய் அந்தக் குழாயைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று மட்டும்தான் இருந்தது. ஜன்னல் வழியாக உன்னைத் தேடினேன், தெரியவில்லை.

வண்டியை அதற்குள் கயிறு கட்டி வயலிலிருந்து இழுத்து வந்து களத்தில் நிறுத்தியிருந்தார்கள். மஸ்தான் பாய்க்கு ஆள் அனுப்பினேன். நடந்ததற்கெல்லாம் தன் வேலைதான் காரணமோ என்று அவருக்கும் முகம் செத்துப்போயிருந்தது. பீய்ச்சிப் போன அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வண்டியைக் கிளப்பச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஓடியதும் நான் குனிந்து மேல் குழாயைத் தொட்டேன், கை பொறுக்கவில்லை. கீழ்க் குழாயைத் தொட்டேன். மண்பானைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது.

"பாய், இங்க தொட்டுப் பாருங்க."

அவர் தொட்டார். நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடடா, காத்து! நாம தவலையால மொத்தமா ஊத்திட்டோம் தங்கச்சி. தண்ணி எறங்கறதுக்கு முன்னாடியே வாய் வரைக்கும் நெறஞ்சாப்ல தெரிஞ்சிச்சி. இன்ஜின் தலையில காத்து குந்திக்கினு கீது."

காற்று எப்போதும் மேலே ஏறித்தான் உட்காரும். அப்படியானால் வண்டியின் முன்பக்கத்தை மேலே தூக்கி நிறுத்தி, ரேடியேட்டர் வாயையே எல்லாவற்றையும்விட உயரமான இடமாக ஆக்கிவிட்டால் காற்று அந்த வழியாக வெளியேறிவிடும். ஏரிக்கரைச் சரிவில் கொண்டுபோய் நிறுத்தலாம் என்று நான் சொன்னேன், சரிதான் என்றார் அவர். ஆனால் அந்தச் சூட்டில் இன்ஜினை அவ்வளவு தூரம் ஓட்டக்கூடாது. இழுத்துத்தான் போக வேண்டும். இழுக்க ஊரில் சரியான மாடு உன் பெரியப்பாவுடையதுதான்.

பெரியப்பா கையிலும் கழுத்திலும் கட்டோடு வீட்டுக்கு வந்து நடையில் கட்டிலில் சாய்ந்திருந்தார். நான் போய்ப் பெரியம்மாவிடம் தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னேன். அவள் அவர் பக்கம் திரும்பாமலேயே நேராகக் கொட்டகைக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தாள். "ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நீ இட்டுக்கினு போ" என்று என் கையில் கொடுத்தாள். முதுகுக்குப் பின்னால் கட்டில் ஒரு தடவை கிரீச்சிட்டது.

டிராக்டரை மாடு இழுத்துக்கொண்டு போவதைப் பார்க்க ஊரே வந்தது. சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கரைச் சரிவில் மூக்கு மேலே பார்க்க நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, முழுக்க ஆறும் வரை உட்கார்ந்திருந்தோம். பிறகு பழைய தண்ணீரை வடித்துவிட்டு, இன்ஜின் தலையில் இருந்த ஒரு சின்ன திருகை பாய் தளர்த்தினார். நான் சொம்பால் மெல்ல ஊற்றினேன், நூல் மாதிரி. ஊற்ற ஊற்ற குளுகுளு என்று உள்ளேயிருந்து குமிழி வந்தது. மாடு தண்ணீர் குடிக்கிற மாதிரி சத்தம். திருகு வழியாக முதலில் புஸ்ஸென்று காற்று, அப்புறம் துப்பல் துப்பலாகத் தண்ணீர், அப்புறம் காற்றே இல்லாமல் ஒரே ஒழுக்கு. "நிறுத்து" என்று சொல்லிவிட்டு பாய் திருகை இறுக்கினார். விளிம்பு வரை நிறைந்துவிட்டது என்று நாங்கள் நினைத்திருந்த அந்த ரேடியேட்டர் அன்றைக்கு இன்னும் எத்தனை சொம்பு குடித்தது என்கிறாய்!

வண்டியைக் கிளப்பினோம். முள் பாதியில் நின்றது. கீழ்க் குழாய் வெதுவெதுப்பாகி, பிறகு சூடாயிற்று. மஸ்தான் பாயே ஏறி நம் வயலைச் சேடை ஓட்டினார்.

ஆனால் அதோடு முடியவில்லை. மறுநாள் முள் திரும்பவும் மேலே ஏறியது. இந்தத் தடவை நான் குழாயைத்தான் முதலில் தொட்டேன். இரண்டும் சூடாகத்தான் இருந்தன. அப்படியானால் தண்ணீர் சுற்றுகிறது, ஆனால் மெதுவாகச் சுற்றுகிறது. எங்கேயோ அடைத்திருக்கிறது. நன்றாக ஆறவிட்டு, களத்தில் வைத்துத் திறந்துவிட்டோம். வெளியே வந்தது மஞ்சள் குழம்பு, கண்ணு. இன்ஜின் முழுக்க நாள்கணக்காகப் படிந்து கிடந்த மஞ்சள். புதுத் தண்ணீர் வேகமாகச் சுற்றியதும் அது பெயர்ந்து வந்து புது ரேடியேட்டரில் அடைத்துக்கொண்டது. பழையது அரிக்காமல் இருந்திருந்தாலும் இன்னும் கொஞ்ச நாளில் இன்ஜின் வெந்துதான் போயிருக்கும். திரும்பத் திரும்ப நிரப்பி, ஓட்டி, வடித்தோம். களமெல்லாம் கல்யாண வீட்டு வாசல் மாதிரி மஞ்சளாகிவிட்டது.

அப்போது உன் பெரியப்பா கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பிடித்தபடி வந்து நின்றார். ஓடுகிற மஞ்சள் தண்ணீரைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். என் நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. வயலில் எல்லார் எதிரிலும் அவர் சொன்னதற்குச் சரியான பதில் அது. சொல்லியிருந்தால் அந்த நிமிஷம் ரொம்பவும் இனித்திருக்கும். அவர் தாடையில் தோல் உரிந்து சிவப்பாக இருந்தது. நான் சொம்பை எடுத்து அடுத்த தண்ணீரை ஊற்ற ஆரம்பித்தேன்.

மூன்றோ நாலோ தடவைக்குப் பிறகு தண்ணீர் தெளிந்து வந்தது. வண்டியை ஓடவிட்டோம். உன் பெரியப்பா மெல்லக் குனிந்து, வெந்துபோகாத இடது கையால் கீழ்க் குழாயைத் தொட்டார். கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு என் முகத்தை நேராகப் பார்த்து, "சூடாத்தான்மா கீது" என்றார்.

பெரியம்மாவிடம் சொல்லவில்லை, பாயிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னார். அதற்கப்புறம் அவர் இருந்த வரைக்கும் என்னிடம் நேராகத்தான் பேசினார். அந்த வருஷம் கடைசியாக ஓட்டித் தந்த இரண்டு வீட்டார் வயலில் நாற்று முற்றிவிட்டது, விளைச்சல் குறைந்தது. அவர்களுக்கு அறுப்பு முடிந்ததும் நம் நெல்லிலிருந்து கொடுத்தோம். பெரியப்பா கழுத்தில் இருந்த தழும்பு எப்படி வந்தது என்று நீ சின்ன வயதில் கேட்டபோது, "வெல்லம் காய்ச்சறப்போ தெறிச்சிடுச்சி" என்று அவரே உன்னிடம் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

பல வருஷம் கழித்து ஒரு நாள் உன் நைனாவிடம் கேட்டேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஏன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, கோபம் வரவில்லையா என்று. அவர் யோசித்துவிட்டு, "வந்துச்சி. வராம இருக்குமா? ஆனா யாரக் கேட்டு மாத்துனன்னு நான் கேட்டா தண்ணி சுத்திடுமா?" என்றார். அவருக்கும் கோபம் வந்தது என்று தெரிந்ததில்தான் எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது. கோபமே வராத மனுஷன் அப்படிக் கேட்டிருந்தால் அதில் என்ன பெரிசு இருக்கிறது?

இப்போது உன் வீட்டுக்கு வருகிறேன். இந்தக் கடிதம் கடல் தாண்டி வந்து சேர்வதற்குள் அந்த பிளம்பரே வந்து சரி செய்திருக்கலாம். அப்படியானால் என்னைத் திட்டிக்கொண்டே படித்துவிட்டு வை. இல்லையென்றால் கேள். புது ரேடியேட்டர் நன்றாகச் சூடாகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் அதில் குறை இல்லை. பழையதைக் கழற்றும்போது தண்ணீரை வடித்திருப்பார்கள், வடித்த இடத்தில் காற்று புகுந்திருக்கும். காற்று மேலே ஏறும், அதனால்தான் மாடி சில்லென்று இருக்கிறது. ஒவ்வொரு ரேடியேட்டரையும் மேலேயும் கீழேயும் தொட்டுப் பார். கீழே வெதுவெதுப்பாகவும் மேலே சில்லென்றும் இருந்தால் காற்றுதான். மேல் மூலையில் காற்றை வெளியே விட ஏதாவது ஒரு சின்ன திருகு இருந்தே ஆக வேண்டும், தேடிப்பார்.

அதற்கு முன்னால் பரணில் ஏறி அந்தச் சின்னத் தொட்டியைப் பார். தண்ணீர் குறைந்தால் மிதவை இறங்கித் தானாக நிரப்பும் என்று எழுதியிருந்தாய். உபயோகமில்லாமல் கிடக்கிற மிதவை ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும். தொட்டி காலியாக இருந்தால் நீ எத்தனை திருகைத் திறந்தும் பிரயோஜனமில்லை, இன்னும் காற்றுதான் உள்ளே போகும். மிதவையை மெல்ல ஆட்டி விடு. காற்றெல்லாம் போன பிறகும் புதுசு மட்டும் கொதித்து மற்றவை மந்தமாக இருந்தால், தண்ணீர் முழுக்க பக்கத்திலிருக்கிற சுலபமான வழியிலேயே ஓடுகிறது. அதன் வால்வைக் கொஞ்சம் இறுக்கினால் மீதி மற்ற அறைகளுக்குப் போகும். வருகிற தண்ணீர் கறுப்பாக இருந்தால் பயப்படாதே. அது பழைய அழுக்கு, சுமதி அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே படிந்தது. அதைப் பார்த்ததும் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், அவளும் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் நல்லது. இதற்கெல்லாம் பிறகும் சரியாகாவிட்டால் அந்த பிளம்பரையே கூப்பிடு. சண்டைக்காரராகப் பார்க்காமல், எது சூடு எது சில்லென்று சொல். அவருக்கு அதுதான் வேண்டும்.

ஒன்றை மட்டும் எனக்குச் சத்தியமாகச் செய். பாய்லரை அணைத்து, எல்லாம் முழுக்க ஆறும் வரை எந்தத் திருகிலும் கை வைக்காதே. அவசரத்திலும் வைக்காதே, கோபத்திலும் வைக்காதே. முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதே.

இந்த வேலையை நீ தனியாகச் செய்ய முயற்சி பண்ணாதே. ஒருவர் பரணில் தொட்டி காலியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒருவர் அறையில் திருகைத் திறக்க வேண்டும். திருகை சுமதியிடம் கொடு, அவளுக்குப் பொறுமை உண்டு. முதலில் காற்று சீறும்போது அவள் உனக்குச் சொல்ல வேண்டும். மேலே தண்ணீர் இறங்குகிறதா என்று நீ அவளுக்குச் சொல்ல வேண்டும். நிறுத்தட்டுமா என்று அவள் கேட்பாள், இன்னும் கொஞ்சம் என்று நீ சொல்வாய். எவ்வளவு வீம்பு பிடித்தவர்களாக இருந்தாலும் வாயைத் திறக்காமல் இரண்டு பேர் இந்த வேலையைச் செய்து முடிக்க முடியாது.

உன் அம்மா